காஞ்சிடுச்சா?

“அண்ணே, கஞ்சா காஞ்சிடுச்சா?”

பக்கத்து வீட்டு ஹத்து தினமும் காலையில் வேலியோரம் நின்று இதையே கேட்டான். புசியானுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வீடு கஞ்சா விளையும் இந்த மொராக்கோ ரிஃப் மலையில், கண் வைத்தவனைத் தவிர வேறு எவன் அடுத்தவன் கூரையில் காய்வதைப் பற்றி விசாரிப்பான்?

“எங்கடா, இன்னும் ஈரம்தான்” என்றார்.

மனைவி மிமுந்த் ஒரு காம்பை வளைத்துப் பார்த்தாள். படக்கென்று முறிந்தது.

“நல்லாக் காஞ்சிடுச்சு. இருட்டறைக்கு இறக்குங்க. இனிமே வெயில் பட்டா மணமெல்லாம் போயிடும்.”

“இறக்கினா அந்தத் திருட்டுப்பயலுக்குத் தெரிஞ்சிடும். ராத்திரியே அள்ளிட்டுப் போயிடுவான். கிடக்கட்டும்.”

கஞ்சாக் கட்டுகள் நாள்கணக்கில் கூரையிலேயே வெயிலில் கிடந்தன. புசியான் கம்போடு காவலிருந்தார்.

ஒருநாள் ஹத்து, கிண்ணம் நிறைய வறுத்த பாதாம் மாவு இனிப்போடு கூரையேறி வந்தான்.

“பேரன் பிறந்திருக்கான், அண்ணே! காஞ்சதும் தூள் எடுக்கக் கம்பால தட்டுவீங்களே, அந்தச் சத்தம் மலை முழுக்கக் கேக்குமே. வாயும் வயிறுமா இருக்கிற மகளை அதுக்கு முந்தி அவ அத்தை வீட்டுக்கு அனுப்பலாம்னுதான் தினமும் கேட்டேன். நீங்க ஈரம்னு சொன்னதால இங்கேயே பெத்துட்டா. கொஞ்ச நாள் தட்டாம இருப்பீங்களா? பிள்ளை தூங்கணும்.”

புசியான் ஒரு கட்டைப் பிரித்தார். வைக்கோலாய் வெளுத்திருந்தது. கசக்கி மோந்து பார்த்தார். வாசனையே இல்லை.

“நிம்மதியாத் தூங்கட்டும்டா” என்றார். “இந்த வருஷம் தட்டறதுக்கு ஒண்ணுமில்ல.”