சாமிக்கு வந்த வெல்லம்

கோயில் பொங்கலை வாயில் போட்டதுமே வைரக்கண்ணு துப்பிவிட்டார். காந்தல் வெல்லம், ஒரே கசப்பு.

"ஏன்டா பழனிவேலு, போன வருஷம்வரைக்கும் எங்க ஆலையில கரும்பு சுமந்தவன் நீ. பாகுப் பதம் தெரியாம உனக்கெதுக்குடா சொந்தக் கொப்பரை? சாமிக்கே காந்தலைக் கொடுத்திருக்கே!"

ஊரே பார்க்க, பழனிவேல் கூனிக்குறுகி நின்றான்.

பூசாரி தயங்கினார். "அவன் வெல்லம் இன்னும் கூடையிலதான் இருக்குங்க. வழக்கப்படி முதல் மரியாதை உங்க வூட்டு வெல்லத்துக்குத்தானே? அதைத்தான் போட்டேன்."

வைரக்கண்ணு மனைவியிடம் திரும்பினார். "என்னத்தடி கொடுத்தே?"

"நல்லதையெல்லாம் அரியலூர் சம்பந்திக்கு அனுப்பு, கோயிலுக்குக் கொப்பரை அடியில சுரண்டினது போதும்னு நீங்கதானேங்க சொன்னீங்க?"

தோளில் கிடந்த துண்டு அவர் கைக்கு இறங்கியது. துப்பிய பொங்கல் காலடியிலேயே கிடந்தது.