புதன்கிழமை வரிசை

சுவரைப் பார்த்துத் திரும்பி நில் என்று அதட்ட வேண்டும். பரீட்சை அவ்வளவுதான்.

வசந்தாமணிக்கு அந்த அதட்டல்தான் வரவில்லை.

எதிரே மார்க்கஸ் நின்றான். சக மாணவன், ஆறரை அடி. இன்றைக்குப் பரீட்சைக்காக அவன்தான் திருட்டு கேஸில் பிடிபட்ட பதினாறு வயதுப் பையன். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் டைலர் என்று பெயர் போட்டிருந்தது.

ப்ளீஸ் சார், கொஞ்சம் திரும்பி நிற்க முடியுமா என்று அவனிடம் கேட்டாள். கோயமுத்தூர்க்காரி இங்கிலீஷில் பேசினாலும் மரியாதை கூடவே ஒட்டிக்கொண்டு வந்து தொலைக்கிறது.

வகுப்பே சிரித்தது. முப்பது வருஷம் சிறுவர் சிறையில் காவல் பார்த்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஹாரிஸ், நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

இந்தப் பெண்மணி எதற்குக் கம்யூனிட்டி காலேஜில் சிறார் சீர்திருத்தம் படிக்க வந்தாள் என்று அவருக்கு விளங்கவேயில்லை. லிவர்மோர் ஊர்க் கோவிலில் விசாரிக்கிற தமிழர்களிடம், ஜாவா கம்ப்யூட்டர் படிப்பு என்று சொல்லி வைத்திருந்தாள். 1999இல் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. மகனைப் பற்றிக் கேட்டால், போர்டிங் ஸ்கூலில் இருக்கிறான் என்பாள்.

எழுத்துப் பரீட்சையில் அவள்தான் முதல். பார்வையாளர் விதிகள் என்ன என்ற கேள்விக்கு, ஞாயிறு ஒரு மணி நேரம், கை மேஜைக்கு மேலே தெரிய வேண்டும், முறுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று எழுதியிருந்தாள். பாடப் புத்தகத்தில் முறுக்கு கிடையாது.

ஆனால் இந்தச் செய்முறையில் தேறுகிறவர்களை மட்டும்தான் புதன்கிழமை சிறுவர் சிறைக்குள் கூட்டிப் போவார்கள். அவள் போயே ஆக வேண்டும்.

இதுதான் கடைசி வாய்ப்பு என்றார் ஹாரிஸ்.

மார்க்கஸ் தோளைத் தொங்கப் போட்டான். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, அங்கே அவள் ஒருத்தி நிற்பதே தெரியாதவன் மாதிரி நகத்தைக் கடித்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டேய் கதிரு! நிமிந்து நில்றா! என்னையப் பார்றா!"

மார்க்கஸ் பதறிப்போய்த் திரும்பி இரண்டு கையையும் சுவரில் வைத்தான். அவள் சொன்னது அதற்கு நேர் எதிர் என்று அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது. பின்வரிசைப் பெண் ஒருத்தி சூயிங்கம்மை விழுங்கிவிட்டாள். ஹாரிஸே நிமிர்ந்துதான் நின்றார்.

"இருபதுக்குப் பத்தொன்பது," என்றார். "பையன் பேரு டைலர். பேரை மாத்திச் சொன்னதுக்கு ஒரு மார்க் போச்சு."

புதன்கிழமைக்கான பட்டியல் மேஜை மேஜையாக வந்தது. உள்ளே இருக்கிறவர்களுக்கு உறவினர் யாரும் வரக் கூடாது, கடைசிப் பெயரை வைத்து அங்கே கம்ப்யூட்டரில் சரிபார்ப்பார்கள் என்று ஹாரிஸ் எச்சரித்தார்.

வசந்தாமணி வெள்ளியங்கிரி என்று நிதானமாக எழுதினாள். வெள்ளியங்கிரி அவளுடைய அப்பா. கல்யாணத்துக்குப் பிறகும் பாஸ்போர்ட்டில் அதை மாற்றவில்லை.

உள்ளே இருக்கிறவனுக்கு அவன் அப்பா பெயர். கதிர் திருமூர்த்தி. எந்தக் கம்ப்யூட்டரும் இரண்டையும் முடிச்சுப் போடாது.

ஏழு ஞாயிறாக, அம்மா வந்திருக்கிறாள் என்று காவலர் போய்ச் சொன்னாலும் அவன் அறையை விட்டு வெளியே வருவதில்லை.

மாணவர்கள் பார்க்க வரும் நாளில் எல்லாப் பையன்களும் வரிசையில் வந்து நின்றே தீர வேண்டும். அது விதி. அந்தக் கேள்விக்கும் அவள் முழு மார்க் வாங்கியிருந்தாள்.