ஓஸ்ரின் சத்தம்

"ஸ்ராட் பண்ணிப் பாத்தனியே?"

ஒரு வருடமாகப் படுக்கையில் கிடக்கும் பஞ்சலிங்கம் விடிந்ததும் கேட்டார்.

"இப்ப போறனப்பா."

மனைவி மகாதேவி வெளியே போனாள். சற்று நேரத்தில் பழைய ஓஸ்ரின் காரின் எஞ்சின் இரைந்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் கஞ்சியோடு திரும்பி வந்ததும், "சித்திரை பிறக்க யாழ்ப்பாணத்திலை பழைய கார்க் காட்சி. இந்தமுறை எங்கடை ஓஸ்ரின்தான் முன்னுக்குப் போகவேணும்" என்றார்.

"ஓம். அதுக்கிடையிலை நீங்கள் எழும்பிடுவியள்."

அவள் கஞ்சியை ஊட்டத் தொடங்கினாள். கார்க் கொட்டில் தை மாதமே வெறுமையாகிவிட்டது. அவருடைய வைத்தியத்துக்காகக் காரை விற்றவள், எஞ்சினை மட்டும் கழற்றிக் கிணற்றடியில் பூட்டி வெங்காயத்துக்கு நீர் இறைத்துக்கொண்டிருந்தாள். சித்திரை வரையாவது அது அவருக்குத் தெரியவேண்டாம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

பாதிக் கஞ்சியில் பஞ்சலிங்கம் கையை உயர்த்தினார்.

"மகாதேவி, ஓடிப்போய் எஞ்சினை நிப்பாட்டு."

"ஏனப்பா, சத்தம் பிழையோ?"

"எஞ்சினிலை ஒரு பிழையுமில்லை. கிணறு வத்திப்போச்சு. பம்பு வெறும் காத்தை இழுக்குது."