திரும்பும்போது ஒன்று

தங்கைக்கு மறுநாள் ஆபரேஷன். சின்னதுதான் என்றிருந்தார் டாக்டர்.

"கைப்பெட்டிக்கெல்லாம் இப்ப காசு பிடுங்குறாங்க அக்கா. வெறுங்கையோட வா. என் துணியைப் போட்டுக்க, சின்ன வயசுல போடாததா?" என்று ஃபோனில் சிரித்திருந்தாள் தங்கை. அதனால் அக்கா ஒரு பர்ஸோடுதான் விமான நிலையம் வந்தாள்.

கவுன்ட்டர் பெண் திரையைப் பார்த்தாள். "போறதுக்கு லக்கேஜ் இல்ல. ஞாயித்துக்கிழமை திரும்புறதுக்கு மட்டும் ஒரு லக்கேஜுக்குப் பணம் கட்டியிருக்கீங்க, மேடம்."

"நான் எதுவும் கட்டலையே."

"உங்க கார்டுதான். ரெண்டரை கிலோ." அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "கலசத்து மூடிக்கு சீல் வெச்சிருக்கணும். மடியிலயே வெச்சுக்கணும். இறப்புச் சான்றிதழ் கூட இருக்கணும்."

அக்கா திரையை எட்டிப் பார்த்தாள். "அதை ரத்து பண்ணிடுங்க."

விரல்கள் நெடுநேரம் தட்டின. "ஆக மாட்டேங்குது, மேடம்."

விமானத்தில் ஏறியதும் தங்கையை அழைத்தாள்.

"வெறுங்கையோடதான வர்ற?"

"ஆமாண்டி. ஆபரேஷனைத் தள்ளிப் போடேன்."

"போ அக்கா, உனக்கு எப்பவும் பயம்."

விமானம் மேலெழுந்தது. அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும் மடியின்மேல், ஒரு சாண் இடைவெளியில், எதையோ சாயாமல் பிடித்திருந்தன. கைகளை எடுக்கப் பார்த்தாள். இறங்கும்வரை எடுக்க முடியவில்லை.