கடைசிக் கட்டு

"அதை உடைக்காதேம்மா. உள்ள வெறும் கல்லுதான். குப்பையில போட்டுடலாம்."

பேராசிரியர் கிடங்கு வாசலிலேயே நின்றுகொண்டார்.

"கல்லுக்குப் போய் யாராவது இவ்வளவு பெரிய பிளாஸ்டர் கட்டு போடுவாங்களாண்ணா?" என்றாள் அவள்.

தோண்டி எடுத்த எலும்புகள் வழியில் உடையாமலிருக்கப் போட்டுவரும் பிளாஸ்டர் கட்டைப் பிரித்துச் சுத்தம் செய்வதுதான் அருங்காட்சியகத்தில் அவள் வேலை. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே பேராசிரியர்தான். கிடங்கைக் காலி செய்யும்போது, பழைய கட்டுகளுக்கெல்லாம் அடியில் இது கிடைத்தது.

அந்த ராட்சத டைனோசரைக் கண்டுபிடித்துப் பேர் வாங்கியவர் அவர். கத்தி மாதிரிப் பற்களோடு ஒரு துண்டுத் தாடை, அவ்வளவுதான் வந்து சேர்ந்தது. மிச்ச எலும்புகளை, கூடவே தோண்டிய கூட்டாளி திருடி விற்றுவிட்டு ஓடிவிட்டான் என்று எல்லோரும் பேசினார்கள். அந்தக் கூட்டாளி அவள் புருஷன்.

"காணாம போன தொடை எலும்பு மட்டும் இதுக்குள்ள இருந்துட்டா, அவர் திருடன் இல்லன்னு ஆயிடும். என் மக நிமிர்ந்து நடப்பா."

"போனவன் போயிட்டான். விட்டுத் தொலைம்மா."

"எப்படிண்ணா விடறது? உளி பட்டு மோதிர விரல் பாதி போனப்பகூட, 'எலும்புக்கு ஒண்ணும் ஆகலையே'ன்னு கேட்ட மனுஷன். அவரா திருடுவார்?"

சின்ன ரம்பத்தை ஓட்டினாள். வெள்ளைத் தூள் பறந்தது. கட்டு ஓரமாகப் பிளந்ததும் குனிந்து பார்த்தாள்.

"என்னண்ணா இது? எலும்புல ஒட்டாம இருக்க ஈரக் காகிதம் சுத்திட்டுத்தானே பிளாஸ்டர் பூசணும்? நேத்து சேர்ந்தவங்களுக்கே தெரியுமே!"

"அவசரம்மா. மழை வேற பிடிச்சுக்கிச்சு."

"அவர் இதையெல்லாம் மறக்கவே மாட்டாரே. ரெண்டு பேரும் சேர்ந்துதானே கட்டினீங்க?"

"இல்ல. இதை நான் மட்டும்தான் கட்டினேன்."

ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் ஆசை விடவில்லை. மேல் பாதியை இரண்டு கையாலும் தம் கட்டித் தூக்கிக் கவிழ்த்தாள்.

பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

பிளாஸ்டரின் உட்பக்கத்தில், உள்ளேயிருந்து தள்ளிய ஒரு கை ஆழமாகப் பதிந்திருந்தது. அதில் மோதிர விரல் பாதிதான் இருந்தது.