இரண்டு துகள்களும் ஒரு வண்டியும்

ஓட்டுநர் இல்லாத ஒரு வண்டிக்கு, கண்ணுக்குத் தெரியாத இரண்டு துகள்கள்தான் மூளை. முச்சந்தியில் வெளிச்சம் பட்டுப் பெரிய துகள் மின்னினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். சின்னது மின்னினால் வலப்பக்கம்.

தன்மேல் விழுகிற வெளிச்சத்தையெல்லாம், "அண்ணே, நீங்களே பாத்துக்குங்க" என்று பெரியதிடம் தள்ளிவிடுவது சின்னதின் வழக்கம். அதனால் வண்டி எப்போதும் இடப்பக்கமே போனது.

ஒருநாள் இடப்பக்கம் பெரிய பள்ளம். அதன் ஓரத்தில் எரிந்த எச்சரிக்கை விளக்கின் ஒளி அளவுக்கு மீறிப் பாய்ந்து, பெரிய துகளை மின்னவிடாமல் மூச்சுமுட்ட அடைத்துக்கொண்டது. சின்னது வழக்கம்போல் தள்ளியது.

"இங்க இடமில்லடா!" என்று கத்தியது பெரியது.

வேறு வழி தெரியாமல் சின்னது மின்னியது. வண்டி வலப்பக்கம் திரும்பித் தப்பித்தது.

"யாரைக் கேட்டுடா மின்னினே?" என்றது பெரியது.

"தெரியாமப் பண்ணிட்டேன், அண்ணே. இனிமே பண்ண மாட்டேன்."