கொஞ்சம் காற்று கூட

"டாக்டர், அந்த டியூப் பலூன்ல கொஞ்சம் காத்தைக் கூடவே ஏத்தி விடுங்க. சிஸ்டரம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கும். பத்து நாளைக்கு நமக்கு நிம்மதி!"

சர்ஜன் சொன்னதும் ஆபரேஷன் தியேட்டரே குலுங்கிச் சிரித்தது.

மேஜையில் மயக்கத்தில் கிடந்தவர் தலைமை நர்ஸான பெரிய சிஸ்டர். இருபது வருடமாக இந்தத் தியேட்டரைத் தொண்டையாலேயே ஆண்டவர். வெளிச்செருப்போடு உள்ளே நுழைந்த ஓர் ஆளை விரட்டப் போய், வழுக்கி விழுந்து தோளை உடைத்துக்கொண்டார். அவரிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்பவர் மயக்க டாக்டர்.

மூச்சுக்குழாய்க்குள் போகும் டியூபைச் சுற்றி ஒரு சின்னப் பலூன் இருக்கும். காற்று குறைந்தால் கசியும், கூடினால் உள்ளே புண்ணாகும். சர்ஜனுக்கும் இது நன்றாகத் தெரியும்.

மயக்க டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. சிரிஞ்சை எடுத்துப் பலூனின் குழாயில் பொருத்தினார்.

அரை மணியில் மறுபடி சிரிஞ்சு. அப்புறம் இன்னொரு தடவை.

சர்ஜனுக்கு வியர்த்துவிட்டது. 'அடப்பாவி! இத்தனை வருஷக் கோபத்தையும் இன்னைக்கே தீர்த்துக்கிறாரே! யோசனை சொன்னவன் நானாச்சே!'

"டாக்டர்... நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்!"

"நான் விளையாடலை சார். நாம குடுக்கிற மயக்க வாயு பலூனுக்குள்ளயும் புகுந்து அழுத்தத்தை ஏத்திடும். அதான் மீட்டர்ல பார்த்துப் பார்த்துக் காத்தை எடுக்கிறேன்."

"வெளியே தொங்கற குட்டிப் பலூனை விரலால அமுக்கிப் பார்த்தாப் போதாதா?"

"சிஸ்டர் விடமாட்டாங்க."

"அவங்கதான் தூங்கறாங்களே!"

மயக்க டாக்டர் இப்போதுதான் சிரித்தார்.

"போன வருஷம் உங்க குடலிறக்க ஆபரேஷனுக்கு நான்தானே மயக்கம் குடுத்தேன்? விரலால அமுக்கிப் பார்த்துட்டு, சரியா இருக்குன்னேன். இவங்க விடலை. மீட்டரைக் கொண்டு வந்து என் கையில திணிச்சாங்க. முடியிற வரைக்கும் பக்கத்துலயே நின்னு, பாரு பாருன்னு என் உயிரை வாங்கினாங்க."

சர்ஜனின் கை அப்படியே நின்றது.

"எனக்காகவா? அதுக்கு முந்தின நாள்தானே இவங்களை எல்லார் முன்னாடியும் கன்னாபின்னான்னு திட்டினேன்!"

"அதையும் சொன்னாங்க சார். 'மனுஷன் நாளைக்கு எழுந்து மறுபடியும் என்னைத் திட்டணும். தொண்டை பத்திரம்'னாங்க."